மூலிகைக்கும் பூஞ்சணத்துக்கும் இடையே: எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895 – 1948)

வட இலண்டனின் எட்மண்டனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அண்மையில் ஒரு மருந்தகம் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை அங்கு சென்று தாயாருக்குரிய மருந்துப் பொதியைப் பெற்றுவருவது என் பொறுப்பு. மூட்டுவாதத்தினால் கைவிரல்கள் மடங்கிப்போன அவருக்கு இரண்டு குளிசைகள் இன்றியமையாதவை. முதலாவது மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரேயொரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டியது. இரண்டாவது ஃபோலிக் அமிலம். முதல் மருந்தின் கடுமையைத் தணிப்பதற்காக வேறொரு நாளில் உட்கொள்ள வேண்டியது.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவர் தமிழகம் சென்று திரும்பும்போது ஒரு மூலிகைத் தூளை வாங்கிவந்து கொடுத்தார். ஆங்கில மருந்து உடம்பைக் கெடுக்கும், நம்முடைய மருந்து கெடுக்காது என்று அவர் சொன்னதை நம்பிய தாயார், எங்கள் எவருக்கும் தெரிவிக்காமல் குளிசைகளை நிறுத்திவிட்டார். சில வாரங்களில் விரல்கள் மீண்டும் வீங்கின. தேநீர்க் கோப்பையைத் தூக்குவதற்கும் பிறர் துணை வேண்டியதாயிற்று.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சலுக்கும் சளிக்கும் பரியாரியார் காய்ச்சிக் கொடுத்த கசாயத்தால் தேறி வளர்ந்த தலைமுறை அது. ஆடாதோடையும் தூதுவளையும் மொசுமொசுக்கையும் எங்கள் ஊரில் வேலியோரத்து மருந்துகளாக நின்றன. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்த நாட்களில் அவற்றின் இலத்தீன் பெயர்களை மாணவருக்கு எழுதிப்போட்டவன் நான். அவற்றை வீண் என்று சொல்ல என்னாலும் இயலாது.

ஆங்கில மருந்து என்று நாம் அழைப்பதும் ஒரு காலத்தில் பெரும்பாலும் மூலிகை மருந்தாகவே இருந்தது. பெருங்கவிஞராகப் பின்னர் புகழ்பெற்ற ஜோன் கீற்ஸ், எங்கள் எட்மண்டனின் சேர்ச் ஸ்ட்ரீட்டிலேயே தோமஸ் ஹமண்ட் என்ற அறுவை மருத்துவரிடம் 1815 ஆம் ஆண்டு வரை தொழில் பயின்றார். அக்காலத்து மருந்து கலப்போர் வேரையும் பட்டையையும் இலையையும் இடித்தும் ஊறவைத்துமே தங்கள் மருந்துகளிற் பெரும்பாலானவற்றைச் செய்தனர். உரலில் இடித்த வேரிலிருந்து ஆய்வுக்கூடத்தின் குளிசைவரை மருந்து நடந்துவந்த பாதை நீண்டது. அந்தப் பாதையில் முக்கியமான ஒரு பகுதியைத் தனியொருவராக நடந்து முடித்தவர் ஓர் இந்தியர்.

தாயாருக்கு அவருடைய கதையைச் சொன்னேன். அவர் நிறுத்திவைத்த இரண்டு குளிசைகளும் அம்மனிதர் வழிநடத்திய ஆய்வுக்கூடத்தில் உருவானவையே. அவர் ஆங்கிலேயர் அல்லர். சென்னையில் ஆயுள்வேதக் கல்லூரியொன்றில் ஆசிரியராக இருந்தவர். கடல் கடந்து சென்று, இரவு வேளைகளில் வைத்தியசாலையொன்றில் நோயாளரின் மலச்சட்டிகளைத் துப்புரவாக்கிப் படித்தவர். அவருடைய பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கோதாவரி மண்ணிலிருந்து சென்னைக்கு

சுப்பாராவ் 1895 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், தெலுங்கு பேசும் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. வறுமை அறிந்த வீடு அது. பதின்மூன்று வயதில், காசியிலே யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்ற எண்ணத்துடன் வீட்டை விட்டு ஓடினார். தாயார் ஆள்விட்டுத் திருப்பியழைத்துப் பள்ளிக்கு அனுப்பினார். உலகப் புகழ்பெற்ற ஆய்வாளராக விளங்கப்போகும் அம்மாணவன் பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்றான். சென்னை திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை எழுதியே தேறினான்.

மாநிலக் கல்லூரியில் படித்தபின் துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்தில் சேர அவர் விரும்பினார். தாயார் இசையவில்லை. துறவுக்கு மாற்றாக மருத்துவத் தொண்டைத் தெரிந்துகொண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னர் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் படிப்புச் செலவுக்கு உதவினர். 1919 இல் மூர்த்தியின் மகள் சேஷகிரியை மணந்தார். சகோதரர் இருவரைக் குறுகிய இடைவெளியில் நோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அவருடைய இளமைக் காலத்தைச் சேர்ந்தது. அவர்களுள் ஒருவரைக் கொண்டுபோனது ஸ்புறூ எனப்படும் வெப்பமண்டல வயிற்றுநோய். உண்ட உணவின் சத்து உடலில் சேராமற் போக, இரத்தம் வற்றி நோயாளி மெலிந்து இறக்கும் கொடிய நோய் அது. இந்த நோயின் பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன்.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாட்டை அசைத்த காலம் அது. சுப்பாராவ் அறுவைக் கூடத்திலும் கதர் மேலங்கியே அணிந்தார். ஆங்கிலேயரான அறுவை மருத்துவப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்திருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அரச மருத்துவ சேவையில் இடம் பெற அவர் செய்த முயற்சி பயனளிக்கவில்லை. கற்றவை அனைத்தும் தலையில் இருந்தன. கையிலிருந்த தாளோ அவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த அனுபவம் இத்தகைய பத்திரிகையை வாசிப்போருக்குப் புதியதன்று.

ஆயுள்வேதக் கல்லூரியின் கேள்வி

அரச சேவையில் இடம் பெறாத அவருக்கு, ஆசந்த லட்சுமிபதி சென்னையில் நடத்திய ஆயுள்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. மேனாட்டு மருத்துவம் பயின்ற சுப்பாராவுக்கு அங்கு கண்டவை வியப்பைத் தந்தன. தம்முடைய பாடநூல்கள் குறிப்பிடாத கசாயங்களாலும் லேகியங்களாலும் சில நோயாளர் தேறுவதைக் கண்டார். பழைய நூல் சொல்கின்றது என்பதற்காக அவர் அதை ஏற்கவில்லை. ஆங்கில நூல் சொல்லவில்லை என்பதற்காகத் தள்ளவுமில்லை. மூலிகையில் நோயைத் தீர்க்கும் பொருள் எது? அது எங்கே இருக்கின்றது? அதனைப் பிரித்தெடுத்து அளந்து கொடுக்க இயலுமா? இக்கேள்விகளுக்கு நவீன ஆய்வுமுறையில் விடைகாண முயன்றார். அதற்குரிய கருவிகளும் பயிற்சியும் அன்றைய சென்னையில் அவருக்கு வாய்க்கவில்லை.

சென்னைக்கு வந்திருந்த அமெரிக்க மருத்துவர் ஒருவரின் சந்திப்பு அவருடைய பார்வையை அமெரிக்காவின்பால் திருப்பியது. காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியும் மாமனார் திரட்டிய பணமும் கப்பற் பயணத்துக்கு வழிசெய்தன. 1920களின் தொடக்கத்தில் அவர் பொஸ்டன் நகரை அடைந்தார். சில ஆண்டுகளிற் கற்றுத் திரும்புவதாகவே மனைவியிடம் விடைபெற்றிருந்தார். அவர் புறப்பட்டபின் பிறந்த ஆண்குழந்தை தந்தையின் முகத்தைக் காணாமலே சில மாதங்களில் இறந்தது.

இரவில் ஏவலாளர், பகலில் ஆய்வாளர்

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்கு வழி கிடைக்கவில்லை. சென்னையில் பெற்ற சான்றிதழைக் கொண்டு அங்கே மருத்துவராகப் பணிபுரிய இயலாது. ஆகவே பொஸ்டன் வைத்தியசாலையொன்றில் இரவுநேர ஏவலாளராக அமர்ந்து, மலச்சட்டியும் சிறுநீர்க்கலமும் கழுவினார். பகலிற் படித்தார். எட்மண்டனின் ஃபோர் ஸ்ட்ரீட்டில் இரவுக் காவல் வேலையும் பெற்றோல் நிலைய வேலையும் முடித்து விடியற்காலைப் பேருந்துக்குக் காத்துநிற்கும் பொறியியலாளரையும் ஆசிரியரையும் நான் அறிவேன். நானும் அவ்வரிசையில் நின்றவன். சுப்பாராவின் வரலாற்றில் இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பேருந்துத் தரிப்பிடமே கண்முன் வருகின்றது.

பட்டயம் பெற்றபின் ஓட்டோ ஃபோலின் தலைமை தாங்கிய உயிர் இரசாயனப் பிரிவில் சேர்ந்தார். சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொஸ்பரசை நிறமாற்றத்தின் மூலம் அளக்கும் முறையொன்றை 1925 இல் வெளியிட்டார். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை எனப்படும் அது உலகெங்கும் பல தலைமுறை உயிர் இரசாயன மாணவருக்குப் பாடமாயிற்று. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே தசையை ஆராய்ந்தனர். 1927 இல் பொஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929 இல் ஏ.ரி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருளையும் கண்டறிந்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே காலத்தில் தனியாக ஏ.ரி.பி.யைக் கண்டார். உயிர்க்கலங்கள் தம் வேலைக்குச் செலவிடும் சக்தி இந்தப் பொருளின் வடிவிலேயே கைமாறுகின்றது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் விளக்கின.

1930 இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போன நியமனங்களுடன் ஒரு தசாப்தம் கழிந்தது. 1940 இல் ஹாவார்டை விட்டு, நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விரைவிலேயே அங்கு ஆய்வுப் பணிப்பாளராக உயர்ந்தார். அவருடைய வாழ்வின் இறுதி எட்டு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. அந்த எட்டு ஆண்டுகளில் நடந்தவை ஓர் ஆயுளுக்குப் போதுமானவை.

மாமைட்டிலிருந்து ஃபோலிக் அமிலத்துக்கு

நம்மவர் வீடுகளில் மாமைட் போத்தல் புதுமையன்று. சுகவீனமுற்றவருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் சுடுநீரில் அதைக் கரைத்துக் கொடுப்பது இலங்கையில் வழக்கம். மாமைட் என்பது மதுவத்தின் சாறு. மதுவமோ பங்கசு இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். இலண்டன் றோயல் ஃப்ரீ வைத்தியசாலையைச் சேர்ந்த லூசி வில்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1928 இல் பம்பாய்க்குச் சென்று, ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே கர்ப்ப காலத்தில் காணப்பட்ட கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். மதுவச் சாற்றை உண்ணக் கொடுத்தபோது நோய் நீங்கியதை 1931 இல் வெளியிட்டார். சாற்றுக்குள் இருந்து குணம் தரும் பொருள் எதுவென்பது அப்போது தெரியவில்லை. 1941 இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஆய்வாளர் சிலர் நான்கு தொன் பசளிக்கீரையைப் பிழிந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

அப்பொருளின் அமைப்பை அறிந்து, கீரையும் ஈரலும் மதுவமும் இல்லாமலே அதனைச் செய்யும் வழியைக் கண்டது லெடர்லி குழு. 1945 இல் வெளிவந்த அறிவித்தலில் பதினாறு ஆய்வாளரின் பெயர்கள் உள்ளன. குழுவை வழிநடத்தியவரின் பெயரும் அப்பதினாறில் ஒன்றாக நடுவில் நிற்கின்றது. தம் பெயரை முன்னுக்குத் தள்ளும் வழக்கம் சுப்பாராவிடம் இருந்ததில்லை. கர்ப்ப கால இரத்தசோகைக்கு மட்டுமன்றி, அவருடைய சகோதரரைக் கொன்ற ஸ்புறூ நோய்க்கும் ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று. இன்று பிரித்தானியாவில் கருத்தரிக்க விரும்பும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் ஃபோலிக் அமிலம் பரிந்துரைக்கப்படுகின்றது. சிசுவின் முதுகெலும்புப் பகுதியில் ஏற்படக்கூடிய ஊனத்தை அது பெருமளவு தடுக்கின்றது.

ஃபோலிக் அமிலத்தின் துணையின்றி உடலின் கலங்கள் பெருக முடியாது. அப்படியாயின், கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய்க் கலத்துக்கு அதை மறுத்தால் என்ன நிகழும்? பொஸ்டனில் சிறுவர்களின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்த சிட்னி ஃபாபர் இக்கேள்வியை எழுப்பினார். சுப்பாராவின் குழு அதற்குரிய பொருட்களைச் செய்துகொடுத்தது. அவை உருவில் ஃபோலிக் அமிலத்தைப் போன்றவை. பூட்டுக்குள் நுழைந்து திரும்ப மறுக்கும் கள்ளச் சாவியைப் போலக் கலத்தின் இயக்கத்தைத் தடுப்பவை. அமினோப்டெரின் என்ற அத்தகைய மருந்தைப் பெற்ற 16 சிறுவருள் 10 பேரிடம் முன்னேற்றம் காணப்பட்டதாக 1948 ஜூனில் ஃபாபர் குழு அறிவித்தது. அந்த முன்னேற்றம் தற்காலிகமானதே. ஆயினும் மருந்தினால் இரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பதை அக்குழந்தைகள் உலகுக்குக் காட்டினர். அமினோப்டெரினின் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்சேட். பின்னர் அது மூட்டுவாதத்துக்கும் பயன்படலாயிற்று. தாயாரின் இரண்டு குளிசைகளும் உண்மைச் சாவியும் கள்ளச் சாவியுமாக ஒரே பெட்டியில் கிடப்பதன் காரணம் இதுவே.

யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ராசான் மருந்தும் 1947 இல் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. டை எதில் கார்பமசீன் என்பது அதன் இரசாயனப் பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கைக் கரையோரத்திலும் கால் வீங்கி முடங்கிய மக்களுக்கு அது பல தசாப்தங்களாக வழங்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து யானைக்கால் நோயை இலங்கை நீக்கிவிட்டதாக 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வெற்றியில் இம்மருந்துக்கும் பங்குண்டு.

மண்ணுக்குள் இருந்த பொன்

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928 இல் இலண்டன் பாடிங்டனிலுள்ள சென்ட் மேரிஸ் வைத்தியசாலையில் கண்ட பூஞ்சணம், பென்சிலின் என்ற மருந்தாகி இரண்டாம் உலகப் போரில் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. அதன்பின் மருந்து தேடுவோர் மண்ணைத் தோண்டத் தொடங்கினர். சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் அந்தத் தேடலைப் பொறுப்பேற்றவர் பெஞ்சமின் டகர். தாவரங்களைப் பீடிக்கும் பங்கசுகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்து, எழுபது வயதைக் கடந்து பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்றிருந்த தாவரவியலாளர் அவர். வயதைக் காட்டி ஒரு நிறுவனம் அனுப்பிவைத்தவரை மற்றொரு நிறுவனம் வரவேற்று அமர்த்திக்கொண்டது.

1945 இல், மிசூரிப் பல்கலைக்கழகத்தின் புல்வயலொன்றிலிருந்து வந்த மண்ணில், பொன்னிறமான நுண்ணுயிரொன்றை டகர் கண்டார். அது சுரந்த பொருளுக்கு, பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஓரியோமைசின் என்று பெயரிடப்பட்டது. இந்நுண்ணுயிர் பூஞ்சணத்தைப் போல இழைவிட்டு வளர்வது. ஆயினும் இன்றைய வகைப்பாட்டின்படி பற்றீரியா இனத்தைச் சேர்ந்தது. வாயால் உட்கொள்ளக்கூடியதாகவும், பென்சிலினுக்கு அடங்காத பல கிருமிகளை அடக்குவதாகவும் அம்மருந்து விளங்கியது. நியூயோர்க்கின் ஹார்லெம் வைத்தியசாலையில் லூயி ரைட் என்ற கறுப்பின அறுவை மருத்துவர் 1948 இல் அதனை முதன்முதலாக நோயாளருக்குக் கொடுத்துப் பரிசோதித்தார். டெட்ராசைக்கிளின் என்ற பெரும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. 1994 இல் இந்தியாவின் சூரத் நகரில் கொள்ளைநோய் பரவியபோது மக்கள் வரிசையில் நின்று பெற்றது அக்குடும்பத்தைச் சேர்ந்த மருந்தையே.

ஓரியோமைசினின் வெற்றி உலகெங்கும் பரவுவதைக் காண சுப்பாராவ் இருக்கவில்லை. 1948 ஆகஸ்ட் மாதத்தில் மாரடைப்பினால் உறக்கத்திலேயே காலமானார். வயது ஐம்பத்து மூன்று. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியற்றோர் என்று 1923 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1946 இலேயே சட்டம் மாற்றப்பட்டது. அதன் பின்னரும் அவர் குடியுரிமை பெறவில்லை. பிறந்த மண்ணுக்கும் திரும்பவில்லை. மனைவி சேஷகிரி அவரை மீண்டும் காணவேயில்லை. உலகத்தின் நோய்களுக்கு மருந்து தேடிய வாழ்வுக்கு ஒரு வீடு விலையாகக் கொடுக்கப்பட்டது. அவரைப் போற்றும் எழுத்துகள் பலவும் இதனை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. விலை கொடுத்தவர் அவர் மட்டுமல்லர்.

1953 இல், கழிவுநீரைக் கற்படுகையில் வடித்துத் தூய்மையாக்கும் இடமொன்றில் காணப்பட்ட புதிய பங்கசு இனமொன்றுக்கு, ஹெசல்டைன் என்ற பங்கசியலாளர் சுப்பாரோமைசெஸ் என்று பெயரிட்டார். மலச்சட்டி கழுவிப் படித்த மனிதரின் பெயரை, மனிதக் கழிவைத் தூய்மையாக்கும் இடத்துப் பங்கசு தாங்கி நிற்கின்றது. இந்திய அரசு 1995 இல் அவருடைய நூற்றாண்டை ஒட்டி அஞ்சல் முத்திரை வெளியிட்டது.

இலைக்குள் குடியிருப்போர்

சென்னையில் அவர் எழுப்பிய கேள்வி, மூலிகையின் குணம் எங்கே இருக்கின்றது என்பது. அதற்கு அவர் அறிந்திராத ஒரு விடையும் உண்டு எனப் பிற்கால ஆய்வு சொல்கின்றது. நோயற்ற பச்சை இலையொன்றை எடுத்து, அதன் மேற்பரப்பை மதுசாரத்தாலும் வெளிற்றும் திரவத்தாலும் கழுவிக் கிருமி நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, அகார்த் தட்டில் வைத்தால், சில நாட்களில் வெட்டுவாயிலிருந்து வெண்ணிற இழைகள் வெளிவரும். அவை வெளியிலிருந்து விழுந்தவையல்ல. இலைக்குள்ளேயே வாழ்ந்த பங்கசுகள். தாவரத்துக்கு வெளிப்படையான தீங்கு செய்யாமல் உள்ளே குடியிருப்பதால் அவற்றை அகவாழ் பங்கசுகள் என்கின்றோம். தாவரம் இடமும் உணவும் தருகின்றது. குடியிருப்போருட் சிலர் பூச்சியையும் நோயையும் விரட்டும் பொருட்களைச் சுரந்து அதற்குக் கைம்மாறு செய்கின்றனர்.

1993 இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஆன்ட்ரியா ஸ்டியர்ல், கேரி ஸ்ட்ரோபல் ஆகியோர் அடங்கிய குழு உலகை வியக்கவைத்த செய்தியொன்றை வெளியிட்டது. இங்கிலாந்தின் பழைய தேவாலய முற்றங்களில் நாம் காணும் யூ மரத்துக்கு, பசிபிக் கரையில் ஓர் உறவு மரம் உண்டு. அதன் பட்டையிலிருந்தே டக்சோல் என்ற புற்றுநோய் மருந்து எடுக்கப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் இறந்துவிடும். அந்த மரத்துக்குள் வாழ்ந்த பங்கசொன்றும் டக்சோலைச் சுரக்கின்றது என்பதே அச்செய்தி. மரத்தை வெட்டாமல் கொப்பரையில் மருந்து காய்ச்சலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. நம்மூரில் பட்டிப்பூ எனப்படும் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின், மெத்தோட்ரெக்சேட்டுடன் சேர்த்துக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து. அச்செடிக்குள் வாழும் பங்கசுகளும் அதனைச் சுரப்பதாக சீன, இந்திய ஆய்வாளர் அறிவித்தனர். ஜம்முவைச் சேர்ந்த ஆய்வாளர் 2005 இல் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி மரமொன்றின் அகவாழ் பங்கசிலிருந்து கம்ப்டோதெசின் என்ற பொருளைப் பெற்றதாக எழுதினர். சென்னையில் விவேகானந்தா வெப்பமண்டலப் பங்கசியல் நிறுவனம் இத்துறைக்கே உரிய ஆய்வகங்களுள் ஒன்று.

நம்பிக்கையுடன் ஐயமும் வளர்ந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பங்கசு சுரந்த டக்சோலின் அளவு மிகமிகச் சிறியது. ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும்போது பல பங்கசுகள் அத்திறனை இழந்துவிடுகின்றன. தாவரத்தை விட்டுப் பிரித்தபின் அவற்றின் இயல்பு மாறுகின்றது. டக்சோலை ஆக்குவதற்குரிய மரபணுக்கள் முதலிற் பேசப்பட்ட பங்கசில் இல்லை என்று 2013 இல் வெளிவந்த மறு ஆய்வொன்று வாதிட்டது. முன்னர் கண்ட சுவடுகள் மரத்திலிருந்தே ஒட்டிவந்தவையாக இருக்கலாம் என்ற கேள்வி எழுந்தது. இன்று டக்சோலைப் பெருமளவிற் செய்ய உதவுவது பங்கசன்று. தொட்டிகளில் வளர்க்கப்படும் யூ மரக் கலங்களே. அகவாழ் பங்கசுகள் புதிய மருந்துப் பொருட்களின் களஞ்சியம் என்பதில் ஆய்வாளர்க்கு ஐயமில்லை. களஞ்சியத்தின் கதவு இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

ஆயினும் ஒரு பாடம் தெளிவாகின்றது. இலைக்குள் வாழும் பங்கசுகளுட் பெரும்பாலானவை காற்றாலும் மழையாலும் அயலிலிருந்து வந்து குடியேறுபவை. எட்மண்டன் வீட்டின் கண்ணாடிக் குடிலில் நாம் வளர்க்கும் வல்லாரைக்குள் இருப்பவை, யாழ்ப்பாணத்துக் கிணற்றடி வல்லாரைக்குள் இருந்தவையாக இருக்க வேண்டியதில்லை. செடி ஒன்றே; உள்ளிருப்போர் வேறு. எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில் பறிக்க வேண்டும் என்று பழைய வைத்தியர் வற்புறுத்தியதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகுமா என்பது ஆராயத்தக்க கேள்வி. கடையில் வாங்கும் பொதித் தூளின் மேல் மூலிகையின் பெயர் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கின்றது. அது எங்கே விளைந்தது, உள்ளே என்ன எவ்வளவு உள்ளது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

வாசகருக்கு

சுப்பாராவ் மூலிகையை இகழவில்லை, வணங்கவுமில்லை. அளந்தார். அளக்கும் கருவி இல்லாதபோது அதனைச் செய்துகொண்டார். நம்முடைய மருந்து, அவர்களுடைய மருந்து என்ற பிரிவினை அவருடைய ஆய்வு மேசையில் இருக்கவில்லை. கீரை, ஈரல், மதுவம், வயல்மண் ஆகிய அனைத்தும் அங்கே ஒரே கேள்விக்கு உட்பட்டன. நம் வீடுகளிலும் அவ்வாறே இருக்கட்டும். கசாயம் குடிப்போர் அதனை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் உட்கொள்வோர் வாரத்துக்கு ஒருநாள் என்ற விதியை மீற வேண்டாம். நாள்தோறும் உட்கொண்டால் அது உயிருக்கே ஆபத்தாகும். எந்த மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

இரவு வேலைக்குப் போகும் இளைஞருக்கும் ஒரு சொல். சுப்பாராவின் சான்றிதழை நாடு இரண்டும் மதிக்கவில்லை. அதனால் அவர் அறிந்தவை குறைந்துபோகவில்லை. உங்கள் பட்டச் சான்றிதழ்களைப் பெட்டியின் அடியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். இங்குள்ள கல்லூரிகளில் எந்த வகுப்பு மாலையில் நடைபெறுகின்றது என்று விசாரியுங்கள். ஊரிலே காத்திருப்போருக்குக் கடிதமும் தொலைபேசியும் தவறாதிருக்கட்டும்.

இக்கதையைக் கேட்டு முடித்த தாயார் ஏ.ரி.பி.யைப் பற்றியோ பொன்னிற நுண்ணுயிரைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. சேஷகிரி அதன்பின் எப்படி வாழ்ந்தார் என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை தமக்குரிய குளிசையைத் தாமே கேட்டு வாங்கி விழுங்கினார்.